அடுக்குமாடி வீட்டில் குழந்தைக்கு அடிபடாமல் காக்க: கோலாலம்பூர் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முதல் சொந்தக்காரர் வரை கேட்பது ஒரே கேள்விதான்: "நீங்க எங்க இருந்தீங்க?" அந்த அம்மா பெரும்பாலும் நாலடி தள்ளி அடுப்படியில்தான் இருந்திருப்பார். பாட்டி அதே ஹாலில்தான் உட்கார்ந்திருப்பார். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுவதற்கு, நாம் ஒரு வெங்காயத்தை நறுக்கி முடிக்கும் நேரம் போதும்.

அதனால் "கவனமாக இருங்கள்" என்ற அறிவுரையை இதில் அதிகம் எழுதப்போவதில்லை. வேலைக்குப் போய் வந்து, சமைத்து, மூத்த பிள்ளையின் பள்ளிப் பாடத்தையும் பார்க்கும் ஒருவரால் நாள் முழுக்கக் கண் இமைக்காமல் இருக்க முடியாது. பூட்டுக்கும் கம்பிக்கும் அசதி கிடையாது. ஒரு தடவை பொருத்திவிட்டால் நாம் அசந்த நேரத்திலும் அவை வேலை செய்யும். வீட்டில் எதை, எந்த வரிசையில் மாற்றுவது என்பதைத்தான் எழுதியிருக்கிறேன். செந்தூல், கெப்போங், செராஸ் பக்கத்து அடுக்குமாடிகளை மனதில் வைத்து எழுதினாலும், தரை வீட்டுக்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் படி: முழங்காலிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்

ஒரு சனிக்கிழமை காலை, குழந்தை தூங்கும்போது, கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து ஒவ்வோர் அறைக்குள்ளும் போங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நின்றபடி பார்த்தால் தெரியாத பல விஷயங்கள் அந்த உயரத்தில் கண்ணில் படும்: மேசை ஓரத்தில் தொங்கும் கெண்டியின் வயர், கட்டிலுக்கு அடியில் உருண்டு போன மாத்திரை, சாமி மேடையின் கீழ்த்தட்டில் இருக்கும் தீப்பெட்டி, கழிவறையில் தரையோடு வைத்த குளோரோக்ஸ் வெளுப்புத் திரவம். பார்த்ததை எல்லாம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்வேர் கடைக்குப் போகும்போது அந்தப் படங்கள்தான் உங்கள் பட்டியல்.

இன்னொன்று. குழந்தை இன்று என்ன செய்கிறது என்பதைப் பார்த்து வீட்டை மாற்றினால் பிந்திவிடுவோம். புரள ஆரம்பித்த குழந்தை சில மாதங்களில் தவழும், தவழ்வது எழுந்து நிற்கும், நிற்பது ஏறும். அடுத்த கட்டத்துக்கு வீடு இப்போதே தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஜன்னல், பால்கனி, நடைபாதைச் சுவர்

பத்தாவது மாடியில் இருப்பவர்கள் மற்றதைத் தள்ளி வைத்தாலும் இதைத் தள்ளி வைக்கக் கூடாது.

1972-ல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை பிராங்க்ஸ் பகுதியில் ஒரு திட்டம் தொடங்கியது. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஜன்னல் தடுப்புக் கம்பிகளை இலவசமாகக் கொடுத்தார்கள், வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தப் பகுதியில் குழந்தைகள் ஜன்னலிலிருந்து விழுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1976-ல், 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குக் கட்டட உரிமையாளர் ஜன்னல் தடுப்பு போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அந்நகரம் விதி கொண்டு வந்தது. அந்தப் பெற்றோர்கள் திடீரென்று அதிகக் கவனமாகிவிடவில்லை. ஜன்னலில் கம்பி வந்தது, அவ்வளவுதான்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது: எல்லா ஜன்னலுக்கும், பால்கனிக்கும் கிரில். கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.-க்கு மேல் இடைவெளி வேண்டாம். உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. கிடைமட்டக் கம்பிகள் ஏணிப்படி ஆகிவிடும், எனவே செங்குத்துக் கம்பிகளைக் கேளுங்கள். கொசுவலை பூச்சியை நிறுத்துமே தவிர, சாய்ந்து நிற்கும் பிள்ளையைத் தாங்காது. வாடகை வீடு, உரிமையாளர் கிரில் போடச் சம்மதிக்கவில்லை என்றால், ஜன்னல் 10 செ.மீ.-க்கு மேல் திறக்காதபடி தடுக்கும் கொண்டியாவது பொருத்துங்கள். நிர்வாகக் குழு வெளிப்பக்கக் கிரில்லைத் தடை செய்திருந்தால் உள்பக்கமாகப் பொருத்துவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஜன்னலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கட்டில், சோபா, பால்கனியில் சலவை இயந்திரம், கவிழ்த்து வைத்த வாளி, பூந்தொட்டி எல்லாம் பிள்ளைக்குப் படிகள்தான். இவற்றைச் சுவரின் மறுபக்கத்துக்கு மாற்ற ஒரு காசும் செலவில்லை.

பழைய பிளாட்டுகளிலும் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளிலும் வாசலுக்கு எதிரே நடைபாதைச் சுவர் இருக்கும். அதை ஒட்டிக் காலணி அலமாரி, பழைய நாற்காலி, மூன்று சக்கர சைக்கிள் என்று எல்லா வீட்டுக்காரரும் எதையாவது வைத்திருப்பார்கள். பெரியவரின் நெஞ்சளவு இருக்கும் சுவர், காலணி அலமாரி மேல் ஏறிய பிள்ளைக்கு இடுப்பளவுதான். காலணி அலமாரியை உங்கள் வீட்டுச் சுவரோடு ஒட்டி வையுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் மரியாதையாகப் பேசுங்கள். வாசலில் பூட்டிய கிரில் கதவும் வேண்டும், ஏனென்றால் கதவு திறந்திருந்த நேரத்தில் வெளியே நழுவும் பிள்ளையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பூட்டிய கிரில்லில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. தீப்பிடித்தால் அதே கிரில் குடும்பத்தையே உள்ளே அடைத்துவிடும். சாவியை வாசல் கதவுக்குப் பக்கத்தில், பெரியவர் கைக்கு எட்டி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், ஓர் ஆணியில் நிரந்தரமாக மாட்டி வையுங்கள். கைப்பையில் வேண்டாம், "எங்கேயோ வைத்தேன்" வேண்டாம். இருட்டில் தடவி எடுக்க முடிகிறதா என்று வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு முறை செய்து பாருங்கள். ஜன்னல் கிரில்களில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும் வகையாக இருக்கட்டும்.

கீழே நடப்பவர்களையும் நினைக்க வேண்டும். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் உள்ள ஒரு மக்கள் வீடமைப்புத் திட்டக் குடியிருப்பில், மேலிருந்து விழுந்த நாற்காலி பட்டு 15 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். கட்டடத்தை ஒட்டிப் பிள்ளைகள் விளையாட வேண்டாம், மேற்கூரை உள்ள பாதையில் நடக்கப் பழக்குங்கள். உங்கள் நடைபாதைச் சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: தேங்கிய தண்ணீர்

நீச்சல் குளத்துக்கு எல்லோரும் பயப்படுகிறோம். குளியலறை வாளிக்குப் பயப்படுவதில்லை. நடை பழகும் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாகச் சரிந்தால் தன்னை மேலே தள்ளிக்கொள்ளக் கையில் பலம் இருக்காது. மூக்கும் வாயும் மூழ்க 5 செ.மீ. தண்ணீர் போதும். சத்தமும் கேட்காது, கத்தவும் முடியாது. சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. நீர் விநியோகத் தடை அறிவிப்பு வந்தால் போதும், வீட்டில் உள்ள வாளி, பீப்பாய், பெரிய குப்பைத்தொட்டி வரை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். தடை நீங்கிய பிறகும் "இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். சிறு பிள்ளை உள்ள வீட்டில் தண்ணீர் சேமிக்க வேண்டுமென்றால் திருகு மூடி உள்ள கேன்களில் சேமியுங்கள். பீப்பாய்தான் வழி என்றால் அழுத்திப் பூட்டும் மூடி வேண்டும், மேலே பலகை வைப்பது போதாது. தண்ணீர் வந்த அன்றே காலி செய்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கும் இடம் இருக்காது.

குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், பெரியவர் தோள் உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். இந்த வழிகாட்டியிலேயே மிக மலிவான மாற்றம் இதுதான், பலனில் முன்வரிசையில் நிற்கும். துணி ஊற வைத்த வாளி, மாப்பு வாளி எல்லாம் அந்தக் கதவுக்குள் இருக்கட்டும். குளிப்பாட்டும்போது தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும், போக வேண்டுமென்றால் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். ஐந்து வயது அக்காவைக் காவலுக்கு வைப்பது காவல் ஆகாது.

கொண்டோவில் நீச்சல் குளம் இருந்தால் சுற்று வேலியின் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

நான்காம் படி: சூடு

தேநீர், மைலோ, மேகி, கஞ்சி. குழந்தைகளைச் சுடுவதில் நெருப்பை முந்துவது இந்தச் சூடான திரவங்கள்தான். போட்டு 15 நிமிடம் ஆன தேநீர்கூடக் குழந்தையின் மெல்லிய தோலைச் சுட்டுவிடும். குழந்தை மடியில் இருக்கும்போது கையில் சூடான பானம் வேண்டாம். மேசையில் தொங்கும் விரிப்பு வேண்டாம், இழுத்தால் எல்லாமே தலையில் விழும். மின்கெண்டி, வெந்நீர் பிளாஸ்க், சோற்றுப் பானை மூன்றையும் அவற்றின் வயரோடு மேடையின் உள்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள்.

அடுப்படிக்கு ஒரு தடுப்புக் கதவு போட முடிந்தால் போட்டுவிடுங்கள். முடியாத வீட்டில் வாணலியைப் பின்பக்க அடுப்பில் வைத்து, கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது பலர் எண்ணெய்ச் சட்டியைத் தரையில் அல்லது நடைபாதையில் சிறிய அடுப்பில் வைப்பார்கள், இடம் பற்றாது என்று. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் தரையில் அடுப்பே கூடாது. முறுக்கு சுடும் நாளில் பிள்ளையைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிடுங்கள்.

வாக்கர் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் சக்கர வாக்கர், அதற்கு எட்டாத உயரத்தையும் வேகத்தையும் கொடுக்கிறது. மேசை மேல் உள்ள கோப்பை எட்டும், படிக்கட்டு விளிம்பு எட்டும். கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்தது. நடக்கப் பழகவும் அது உதவுவதில்லை. யாராவது பரிசாகக் கொடுத்தாலும் ஓரமாக வைத்துவிடுங்கள். பின்னால் நின்று தள்ளும் மர நடைவண்டி வேறு, அதைச் சமதரையில், பெரியவர் பக்கத்தில் இருக்க, ஓட்டலாம்.

சுட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து முழு 20 நிமிடம். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஈரமான துணியையும், வளையல், அரைஞாண், கொலுசையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். உடம்பின் மற்ற பாகம் குளிராமல் போர்த்தி வையுங்கள். பிறகு உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்), மஞ்சள், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். பற்பசை தடவினால் சூடு உள்ளேயே தங்கும், மருத்துவர் அதைத் துடைத்தெடுக்கும்போது பிள்ளைக்கு இன்னொரு வேதனை. பாசத்தோடுதான் தடவுகிறார்கள், தெரியும். அந்தப் பாசத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மாத்திரை, தைலம், கற்பூரம்

நம் வீடுகளில் குழந்தைக்கு விஷமாகக்கூடிய பல பொருள்கள் மரியாதையான இடத்தில்தான் இருக்கின்றன.

முதலில் தாத்தா பாட்டியின் மாத்திரைகள். நீரிழிவுக்குக் கொடுக்கும் கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னப் பிள்ளையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்க. அது உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில இதே அளவு ஆபத்தானவை. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை மிட்டாய் போலவே இருக்கும், அதிகம் விழுங்கினால் உயிரைப் பறிக்கும். கிளினிக்கில் தரும் பிளாஸ்டிக் பைக்கும், நாள்வாரியாகப் பிரித்து வைக்கும் பெட்டிக்கும் பிள்ளைத் தடுப்பு மூடி கிடையாது. மாத்திரைகளை எல்லாம் சேர்த்துப் பூட்டும் பெட்டி ஒன்றில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பாட்டியின் கைப்பையையும் கணக்கில் சேருங்கள், வீட்டுக்கு வரும் விருந்தாளியின் பையையும்தான்.

அடுத்தது கற்பூரம். சின்னத் துண்டுகளை விழுங்கினாலும் சிறு குழந்தைக்கு நிமிடங்களில் வலிப்பு வரலாம். வெள்ளையாக, சர்க்கரைக் கட்டி போல, சாமி மேடையின் கீழ்த்தட்டில் திறந்த தட்டில் இருக்கும் பொருள் அது. திருகு மூடி டப்பாவில் போட்டு மேலே ஏற்றுங்கள், விளக்கெண்ணெயையும் தீப்பெட்டியையும் கூடவே. கோடாலித் தைலம் போன்ற வலித் தைலங்களில் கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கின்றன, அவற்றை விழுங்குவது ஆபத்து. கைக்குழந்தையின் மூக்கருகே தடவவும் வேண்டாம்.

துணிக்கு இடையே போடும் நாப்தலீன் உருண்டைக்கும் இதே எச்சரிக்கை. மலேசியாவில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள் கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று சோதனை செய்கிறார்கள், முடிவு குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும். குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையை விழுங்குவது மட்டுமில்லை, அதோடு வைத்திருந்த துணியைப் போர்த்துவதே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கலாம். அந்த உருண்டையை வாங்காமலே இருப்பது நல்லது.

தரை கழுவும் திரவத்தை, குளோரோக்ஸை, மண்ணெண்ணெயைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. பிள்ளைக்குப் பாட்டில் என்றால் குடிப்பதற்கு.

எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாயில் மிச்சமிருந்தால் துடைத்தெடுத்து, பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையில் வைத்துக்கொண்டு, பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய விஷ மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் நேராக 999.

ஆறாம் படி: சின்னச் சின்ன ஆபத்துகள்

பொத்தான் பேட்டரி. ரிமோட், கார் சாவி, வாழ்த்து அட்டை, மின்மெழுகுவர்த்தி எல்லாவற்றிலும் இருக்கிறது. 20 மி.மீ. லித்தியம் பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே ஆழமாகச் சுட்டுப் புண்ணாக்கும். திருகு போட்ட மூடி இல்லாத பொருளை வீட்டில் வைக்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், நேராக மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக்கொண்டு நேரத்தைக் கழிக்கவும் வேண்டாம்.

தொண்டையில் அடைக்கும் உணவுகள் நம் ஊரில் நிறைய: ரம்புத்தான், லொங்கான், திராட்சை, கச்சான் (வேர்க்கடலை), சின்னக் கோப்பை ஜெல்லி. ஐந்து வயதுக்குள் கொட்டையை நீக்கி, நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். முழுக் கச்சான் வேண்டாம். அடைத்துக்கொண்டு இருமவும் முடியாமல் போனால், தலை தாழ இருக்கும்படி பிடித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வெளியே வரவில்லை என்றால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம், பெரிய பிள்ளைக்கு வயிற்றை உள்ளே மேலே இழுத்து ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

சுருள்கம்பித் தொட்டிலின் கொக்கியையும் கம்பியையும் வாரம் ஒரு முறை பாருங்கள். கம்பி அறுந்தாலும் தாங்கும்படி ஒரு கயிறு சேர்த்துக் கட்டுங்கள், கீழே தடித்த மெத்தை போடுங்கள். மூத்த பிள்ளை வேகமாக ஆட்ட விடாதீர்கள். குழந்தை இல்லாத நேரத்தில் சேலைத் தொட்டிலைச் சுருட்டி மேலே மாட்டிவிடுங்கள், விளையாடும் பிள்ளையின் கழுத்தில் அது சுற்றிக்கொள்ளும்.

தொலைக்காட்சி மேசை, துணி அலமாரி, புத்தக அடுக்கு: மூன்றையும் எல் வடிவ இரும்புத் துண்டால் சுவரோடு திருகிவிடுங்கள். இழுப்பறைகளை ஏணியாக்கி ஏறுவார்கள், அலமாரி அப்படியே மேலே சாயும். மின்சாரத்துக்கு, மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் தடுப்பு சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள், சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

ஏழாம் படி: வாசலுக்கு வெளியே

வீட்டு முன் காரைப் பின்னால் எடுக்கும் முன், ஓட்டுநர் ஒரு முறை சுற்றி வந்து பார்க்க வேண்டும், பிள்ளை இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். "அப்பாவுக்கு டாட்டா" சொல்ல ஓடி வரும் பிள்ளை கண்ணாடியில் தெரியாது. இப்போதுதான் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் பிள்ளையின் கெண்டைக்கால் உயரத்தில் இருக்கிறது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 10 பாகை ஏறும். பின்னிருக்கையில் பிள்ளை தூங்கிப்போய், வழக்கமாகக் கொண்டு விடாத ஒருவர் அன்று ஓட்டினால், மறப்பது யாருக்கும் நடக்கலாம். உங்கள் கைப்பையை அல்லது வேலை அட்டையைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வையுங்கள். பராமரிப்பு மையத்திலும் சொல்லி வையுங்கள்: பிள்ளை சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள் என்று. 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம், பக்கத்துக் கடைக்குப் போனாலும்தான்.

எட்டாம் படி: பார்த்துக்கொள்பவர்களோடு பேசுங்கள்

பாதி வீடுகளில் பகலில் குழந்தை பாட்டியிடம்தான். "நாங்க அஞ்சு பிள்ளைங்களை வளர்த்தோம்" என்பார். வாதாட வேண்டாம். அவர் வளர்த்தது பெரும்பாலும் தரை வீட்டில், சுற்றிலும் ஆள் இருந்த காலத்தில். பத்தாவது மாடியில் தனியாகப் பார்ப்பது அதைவிடக் கடினம். "அம்மா, உங்களுக்கு அலைச்சல் குறையட்டும்னு இந்தத் தாழ்ப்பாள் போட்டிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார். சாவி எங்கே, சுட்டால் 20 நிமிடத் தண்ணீர், விழுங்கினால் எந்த எண் என்ற மூன்றை மட்டும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். காசு கொடுத்துப் பிள்ளையை விடும் வீட்டில், பேரம் பேசும் முன் ஜன்னலையும் குளியலறையையும் பாருங்கள்.

"கீழே கடைக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று சிறு பிள்ளையைத் தனியாகப் பூட்டிப் போகாதீர்கள். பொறுப்பான ஆள் இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வது 2001 குழந்தைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி குற்றம்.

ஒன்பதாம் படி: ஆம்புலன்ஸ் வரும் வழி

999-ஐக் கூப்பிடும்போது பதற்றத்தில் முகவரி வராது. குடியிருப்பின் பெயர், கட்டட எண், மாடி, வீட்டு எண், எந்த நுழைவாயில், பக்கத்தில் தெரியும் பெரிய அடையாளம் எல்லாவற்றையும் மலாய் மொழியில் எழுதி அதே தாளில் ஒட்டுங்கள், பாட்டியோ அக்காவோ பார்த்துப் படித்தாலே போதும் என்கிற அளவுக்கு. அழைப்பை நீங்களாகத் துண்டிக்காதீர்கள், எதிர்முனையில் இருப்பவர் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பெரிய அடுக்குமாடிகளில் ஆம்புலன்ஸ் வாசல் வரை வந்துவிட்டு, தடுப்புக் கதவிலும் மின்தூக்கியிலும் நேரத்தை இழக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இருவரைத் தட்டி எழுப்புங்கள். ஒருவர் கீழே போய்க் காவலரிடம் சொல்லித் தடுப்பைத் திறந்து வைக்கட்டும், மற்றவர் மின்தூக்கியைத் தரைத்தளத்தில் பிடித்து வைக்கட்டும். எந்த இருவர் என்று இந்த வாரமே அவர்களிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.